பரிமளா டீச்சரின் தலைகீழ் மேப்

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கும் பரிமளா டீச்சருக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே போனாலும் முதலில் வடக்கு எது என்று தெரிந்தாக வேண்டும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்பே வடக்கைப் பார்த்துவிடுவார். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோதும் ஜன்னல் வெயிலை வைத்துத் திசை பார்த்தார் என்று அவருடைய வீட்டுக்காரர் ஜான்சன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஜான்சன் மட்டும் யோக்கியமா என்ன? ஒரகடத்துக் கம்பெனிக்குப் பதினொரு வருஷமாக ஒரே ரோட்டில் போய்வருகிற மனுஷன், இன்றைக்கும் செல்போன் சொன்னால்தான் வண்டியைத் திருப்புவார். ஆக, அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து டீச்சரே திசை பார்த்துக்கொள்கிறார்.

இந்த வியாதி வந்த கதையைச் சொல்ல வேண்டும். பரிமளா பிறந்தது பெருநகரில். அப்பா இருசப்பனும் அம்மா மங்கம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள்; சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. ஏழாம் வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் வாத்தியார் சுவரில் மேப்பை மாட்டிப் பிரம்பால் செய்யாற்றைத் தொட்டுக் காட்டினார். ஜவ்வாது மலையில் புறப்பட்டு, வடகிழக்காக வந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது என்றார். பிரம்பு கீழேயிருந்து மேலே போயிற்று. பரிமளா எழுந்து நின்றாள்.

"சார், தண்ணி பள்ளத்துக்குத்தான சார் போவும்? இது இன்னா சார், மேல ஏறிகினு போவுது?"

வகுப்பே சிரித்தது. "உங்கப்பன் பின்னால நின்னு தள்ளிவுடறான்" என்று வாத்தியாரும் சிரித்து, அவளைப் பெஞ்சு மேல் ஏற்றினார். பெஞ்சு மேல் நின்றதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அப்பாவை எதற்கு இழுக்க வேண்டும், அதுவும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல்? சாயங்காலம் நேராக ஆற்றுக்கே போய்ப் பார்த்தாள். செய்யாற்றில் தண்ணீர் இருந்தால்தானே எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதற்கு! மணல்தான் கிடந்தது.

பதில் மூன்று மாதம் கழித்து ஒரு வரப்பில் கிடைத்தது. அம்மா நடவு நட்டுக்கொண்டிருந்த நிலத்தை அளக்க சர்வேயர் வந்தார். கையிலிருந்த படத்தை வரப்பில் விரித்து, எதிரே இருந்த பனைமரத்தையும் கிணற்றையும் பார்த்து, படத்தை அப்படியே அரைவட்டம் திருப்பினார். படத்தில் இருந்த கிணறு நிஜக் கிணற்றுப் பக்கம் போய் நின்றது. பரிமளா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். மேப் என்பது தரையில் கிடக்க வேண்டிய சாமான். அதைத் தூக்கிச் சுவரில் மாட்டிய பாவத்தால்தான் ஆறு மலையேறுகிறது. அந்த வாத்தியாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று துடித்தாள். அவர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார்.

பிறகு சென்னையில் ஒரு கல்லூரியில் புவியியல் எடுத்தாள். "பூகோளம் பட்ச்சா இன்னா வேல கெடைக்கும்?" என்று இருசப்பன் கேட்டார். "தெர்ல நைனா" என்றாள். "தெர்லன்னா பட்ச்சிட்டு வந்து சொல்லு" என்று டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டார். பி.எட்., தகுதித் தேர்வு, ஆறு வருஷம் தனியார் பள்ளி என்று நாய் படாத பாடு பட்டு, ஒருவழியாக அரசு வேலை கிடைத்தது. இனிமேல் நாமும் மரியாதையாக 'ஆர்' போட்டுப் பேசுவோம்.

ஆசிரியர்களிடம் செயலாராய்ச்சி என்று ஒன்று கேட்பார்கள். வகுப்பில் ஒரு சிக்கலைப் பிடித்து, அதற்கு ஒரு வழி செய்து பார்த்து, முன்னும் பின்னும் சோதனை வைத்து, வந்ததை எழுதித் தர வேண்டும். போன வருஷத்து அறிக்கையில் வருஷத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கும் மகான்களும் உண்டு. பரிமளா டீச்சர் அந்த ஜாதி இல்லை. ஜூன் மாதம் பத்தாம் வகுப்பின் இருபத்தேழு பிள்ளைகளையும் நிற்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு வடக்கைக் காட்டச் சொன்னார்.

பத்தொன்பது கைகள் சீலிங் ஃபேனைக் காட்டின. ஆறு கைகள் கரும்பலகையைக் காட்டின. மேப் அங்கேதானே தொங்குகிறது! உண்மையில் கரும்பலகை இருந்தது தெற்குச் சுவரில். இளமதி என்ற அதிகம் பேசாத பெண் ஒருத்திதான் யோசித்துச் சரியாகக் காட்டினாள். மிச்சம் இருந்தவன் அரவிந்தன். அவன் சத்துணவுக் கூடத்தைக் காட்டி, "அங்கதான் டீச்சர் சோறு வேவுது" என்றான். கூடம் சரியாக வடக்கில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் அவனுக்கும் மார்க் போட வேண்டியதாயிற்று.

டீச்சர் சுவரிலிருந்த மேப்பைக் கழற்றித் தரையில் போட்டார். மைதானத்தில் குச்சி நட்டு உச்சி நிழலில் கோடு பிடித்தார். ஜூன் மாதத்தில் நம்மூரில் உச்சி நிழல் தெற்கே விழும் என்றபோது தலைமையாசிரியர் தமிழ்வாணன் நம்பவில்லை. அவர் கணக்கில் எம்.எஸ்சி. இரண்டு நாள் குடை பிடித்துக்கொண்டு வந்து குச்சிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "சூரியன் இப்பிடிலாம் பண்ணும்னு எனக்கு யாரும் சொல்லல டீச்சர்" என்று ஒத்துக்கொண்டார். அந்தக் கோட்டை வைத்து வகுப்பறைத் தரையில் மஞ்சள் பெயின்டால் ஓர் அம்பு போட்டார்கள்.

அப்புறம் வகுப்பு வகுப்பாகவே இல்லை. "மேப்பத் தொறந்தா மொதல்ல இன்னா?" என்று டீச்சர் கேட்பார். "வடக்கத் திருப்பு!" என்று இருபத்தேழு தொண்டைகளும் கத்தும், பக்கத்து வகுப்பு ஆங்கில டீச்சர் கதவைச் சாத்திக்கொள்வார். தரை மேப்பில் இடங்களைக் குறிக்க ஆளுக்கு ஒரு கை வேர்க்கடலை. கோதாவரி எங்கே, குஜராத்தின் கண்ட்லா துறைமுகம் எங்கே என்று கடலையை வைக்க வேண்டும். சரியாக வைத்தால் தின்னலாம், தப்பாக வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்குப் போய்விடும். அரவிந்தன் ஜூலை முழுவதும் பட்டினி.

ஊர் மேப்பும் போட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் தங்கள் தெருவை ராஜபாட்டை மாதிரி வரைந்து, காலனியை ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு விட்டிருந்தார்கள். காலனிப் பிள்ளைகளின் மேப்பில் காலனியில் டீக்கடை பெஞ்சுகூட இருந்தது. டீச்சர் ஒன்றும் உபதேசம் பண்ணவில்லை. எட்டு வைத்து அளந்துகொண்டு வரச் சொன்னார். மெயின் தெரு நூற்றுத் தொண்ணூறு எட்டு, காலனித் தெரு இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. இரண்டாவது மேப்பில் தீப்பெட்டி தெருவாகிவிட்டது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. டீச்சர் மட்டும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கேசரி கிளறினார். "இன்னா விசேஷம்?" என்று ஜான்சன் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல, துன்னு" என்று தட்டை நகர்த்தினார்.

டிசம்பரில் மறுபடி சோதனை வைத்தபோது இருபத்தைந்து பேர் வடக்கைச் சரியாகக் காட்டினார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையில் 'முடிவுகள்' என்ற பகுதியைப் பொங்கலுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். அங்கேதான் சனியன் பிடித்தது.

ஜனவரியில் திருப்புதல் தேர்வு. காலாண்டும் அரையாண்டும் பள்ளி முழுக்க நடந்ததால் பத்தாம் வகுப்பை வடக்குப் பார்த்த வராந்தாவில் உட்காரவைத்திருந்தார்கள். திருப்புதல் தேர்வு பத்தாம் வகுப்புக்கு மட்டும்தான் என்பதால் சொந்த வகுப்பறையிலேயே, தெற்குச் சுவர்க் கரும்பலகையைப் பார்த்தபடி எழுதினார்கள். விடைத்தாள்களை வேறொரு பள்ளியில் திருத்தினார்கள். ஒரு வாரத்தில் கட்டு திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'இருபத்தேழு தாள்களிலும் வரைபடம் ஒரே மாதிரி தலைகீழாக எழுதப்பட்டுள்ளது. கூட்டாகப் பார்த்து எழுதியதாகத் தெரிகிறது. வரைபடத்துக்கு மதிப்பெண் இல்லை. விசாரிக்கவும்.' அதன் நகல் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் போயிருந்தது.

பரிமளா டீச்சர் முதல் தாளை எடுத்தார். இந்தியா நேராகத்தான் இருந்தது. பெயர்கள் எல்லாம் தலைகீழாகத் தொங்கின. தாளைத் திருப்பினார். கோதாவரி, கண்ட்லா, சோட்டா நாக்பூர் பீடபூமி என்று எல்லாம் அதனதன் இடத்தில் அச்சு அசலாக இருந்தன. அடுத்த தாளும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அவருக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தேழும் சொன்னபடி வடக்கைத் திருப்பியிருக்கின்றன! தெற்குப் பார்த்து உட்கார்ந்தவனுக்கு வடக்கு முதுகுப் பக்கம். மேப்பின் தலையைத் தன் வயிற்றுப் பக்கம் வைத்து, தனக்கு நேராகப் பெயரை எழுதினால் தலைகீழாகத்தானே வரும்? இதை ஆறு மாதமாகத் தான் கவனிக்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கடலைக்கு ஏது தலை, ஏது கால்? ஒருநாளாவது பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

தலைமையாசிரியர் தமிழ்வாணன் நல்ல மனுஷர்தான். தொல்லை வேண்டாம் என்று நினைப்பவர். "டீச்சர், மாணவர்களின் கவனக்குறைவுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க. எச்சரிச்சி வுட்டுடுவாங்க. எதுக்குப் பேஜாரு?" என்றார்.

"பசங்க கவனக்குறைவா சார்? நான் சொன்னத அப்படியே கேட்டதுங்க சார்."

"அத லெட்டர்ல எழுத முடியுமா?"

எழுத முடியாது என்று இருவருக்கும் தெரியும். பிரச்சினை லெட்டரோடு போகிறதாக இருந்தால் பரவாயில்லை. ஊருக்குள் விஷயம் கசிந்துவிட்டது. இளமதியின் அப்பா சேட்டு நாலு ஏக்கர் பயிர் வைத்திருப்பவர், மானஸ்தர். காலையில் வண்டியைப் பள்ளி கேட்டில் குறுக்கே நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்.

"எம் பொண்ணு காப்பி அட்ச்சிகிதா டீச்சர்? ஒரே வார்த்த சொல்லிடுங்க. அப்பிடின்னா பட்ச்சி கியிச்சது போதும். அவங்க அத்த வூட்ல தையல் மிஷின் கீது, அங்க அனுப்பிடறேன்."

"வியாழக்கிழம வர்க்கும் பொறுங்க, அண்ணா. விசாரிக்க அதிகாரி வராரு."

"அவரு வந்து சொல்ற அன்னிக்கி எங்க மானம் போவுது" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

டீச்சர் வகுப்புக்குப் போனார். பிள்ளைகள் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் மஞ்சள் அம்பின் மேல் நின்றுகொண்டு சொன்னார்: "இங்க பாருங்க. தப்பு என்னுது. மேப்பத் திருப்பச் சொன்னேன். பேர் எழுதறப்ப மறுபடி நேரா வெச்சி எழுதுன்னு சொல்லித் தரல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"எங்க மேல ஒரு தப்பும் இல்லியா?" என்றான் அரவிந்தன். "டீச்சர், பத்து வர்சத்துல இதான் மொத தபா."

வகுப்பு சிரித்தது. இளமதி சிரிக்கவில்லை. தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து வரதன் என்ற அதிகாரி வந்தார். செல்போன் மேப் அவரை ஏரிக்கரை மேல் கொண்டுபோய் விட்டதால் ஒரு மணி நேரம் தாமதம், முகத்தில் கடுகு வெடித்தது. பரிமளா டீச்சர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "கதை நல்லாருக்கு டீச்சர். ஆதாரம்?" என்றார்.

ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை டீச்சர் சொன்னார். "பசங்கள நாலு பக்கம் பார்த்து உட்கார வையுங்க சார். புது மேப் குடுத்து நீங்களே கேள்வி கேளுங்க. நான் வெளிய நிக்கிறேன். முடிஞ்சதும் பேர மறைச்சி, தாளக் கலைச்சிக் குடுங்க. எந்தத் தாள் எந்தத் திசை பார்த்து எழுதினதுன்னு நான் சொல்றேன். ஒண்ணு தப்பாப் போனாலும் காப்பின்னு எழுதிகினு போங்க."

"ஒண்ணு போனாலுமா?" என்றார் தமிழ்வாணன் பதறி. வரதன் ஏற்கெனவே பெஞ்சுகளை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு திசைக்கும் ஏழேழு பேர், மேற்குக்கு மட்டும் ஆறு. அரை மணி நேரத்தில் தாள்கள் வந்தன. டீச்சர் சீட்டுக்கட்டு பிரிப்பதைப் போலப் பிரித்துக்கொண்டே போனார். பெயர் நேராக இருந்தால் வடக்கு. தலைகீழாக இருந்தால் தெற்கு. மேலிருந்து கீழே இறங்கினால் கிழக்கு, கீழிருந்து மேலே ஏறினால் மேற்கு. வரதன் ஒவ்வொன்றுக்கும் மறைத்திருந்த மாணவர் பெயரைப் பிரித்துப் பார்த்துத் தன் பட்டியலில் டிக் அடித்தார். பத்து, பதினைந்து, பதினெட்டு. அவர் முகத்தில் கடுகு வெடிப்பது நின்று, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பத்தொன்பதாவது தாள். பெயர்கள் நேராக இருந்தன. "வடக்கு" என்றார் டீச்சர்.

வரதன் பிரித்துப் பார்த்தார். பேனா அப்படியே நின்றது. "தப்பு டீச்சர். தெற்கு."

ஒன்று தப்பானாலும் என்று வாயை விட்டாயிற்றே! இருபத்தேழு பேரின் மானத்தையும் ஒற்றைத் தாளில் அடகு வைத்தோமே என்று டீச்சர் தன்னையே திட்டிக்கொண்டார். வரதன் பெயரைப் படித்தார். "யாரு இளமதி?"

இளமதி எழுந்தாள். தெற்குப் பார்த்த வரிசையில் கடைசி இடம்.

"எல்லாரும் திருப்பி எழுதறப்ப நீ மட்டும் எப்பிடிம்மா நேரா எழுதின?"

"பேப்பரத் திருப்பல சார்."

"ஏன்?"

"திருப்பி எழுதினா காப்பின்றீங்க சார். அதான் பேப்பர அப்படியே வெச்சிட்டு, தலைக்குள்ளயே திருப்பிகினேன்."

வரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைக்குள்ள திருப்பினியா? சரி, அங்கயே நில்லு. மேப்பப் பார்க்காத. கண்ட்லா எந்தப் பக்கம்?"

இளமதி திரும்பவில்லை. கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். வலது கையைத் தோளுக்குப் பின்னால் நீட்டினாள். கடைசி ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில், வடமேற்கு.

"கல்கத்தா?"

இடது கை பின்னால் போயிற்று. வரதன் சரியா தப்பா என்று சொல்லாமல் பையிலிருந்து செல்போனை எடுத்துத் திசை பார்த்தார். அவர் உடம்பைத் திருப்பத் திருப்ப, கையில் இருந்த மேப்பும் கூடவே சுற்றியது.

"சார், உங்க செல்லும் வடக்கத் திருப்புது சார்" என்றான் அரவிந்தன். "அதுவும் காப்பி அட்ச்சிகினுதான் கீதா?"

முதலில் சிரித்தவர் தமிழ்வாணன். கடைசியில் வரதனும் சிரித்துவிட்டார். மிச்சம் எட்டுத் தாள்களையும் டீச்சர் சொல்ல, எட்டும் சரியாக வந்தன. வரதன் சிவப்புக் குறிப்பின் மேல் கோடு போட்டு, இருபத்தேழு பேருக்கும் வரைபட மதிப்பெண் வழங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, "மெயின் ரோட்டுக்கு எப்பிடிப் போவணும்?" என்று கேட்டார். இருபத்தேழு கைகளும் ஒரே பக்கம் நீண்டன.

சாயங்காலம் சேட்டு கேட்டில் நின்றார். டீச்சர் நடந்ததைச் சொன்னார். சேட்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப தையல் வாணாம்ன்றீங்க" என்றார். "வாணாம்" என்றார் டீச்சர். "இந்தத் தபா நெல்லு அறுத்ததும் அதுக்கு ஒரு பெரிய மேப்பா வாங்கியாரன்" என்று மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று இரவு டீச்சர் அறிக்கையைத் திறந்தார். 'மாணவர்கள் செய்த பிழைகள்' என்று அச்சடித்த கட்டம் ஒன்று இருந்தது. அதில் 'இல்லை' என்று எழுதினார். ஆசிரியர் செய்த பிழைக்குக் கட்டமே இல்லை. ஸ்கேலை எடுத்து, பென்சிலால் தாமே ஒரு கட்டம் போட்டு, வேர்க்கடலையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் எழுதினார். கீழே, 'தாளைத் திருப்புவதோடு நான் நிறுத்திக்கொண்டேன். மனத்துக்குள் திருப்புவதை ஒரு மாணவி தானே கண்டுபிடித்தாள்' என்று சேர்த்தார். ஏழாம் வகுப்பில் பெஞ்சு மேல் நின்ற பெண்ணுக்கு அதை எழுதும்போது கண் கலங்கியது என்றால், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மறுநாள் மேப் வகுப்பை, ஆளுக்கு ஒரு கடலை வைத்து, இளமதி எடுத்தாள். பரிமளா டீச்சர் கடைசிப் பெஞ்சில் அரவிந்தனுக்குப் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெற்குப் பார்த்து உட்கார்ந்தார். "டீச்சர், பேப்பரத் திருப்பக் கூடாது. கண்ட்லா எங்க, கையக் காட்டுங்க" என்றாள் இளமதி. போகிற இடமெல்லாம் வடக்குப் பார்த்த டீச்சர் கண்ணை மூடினார். இந்தியாவைத் தலைக்குள் பிடித்துத் திருப்பினார். அது பாதியில் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி பிடித்து, மெதுவாகத் திருப்பி, நம்பிக்கையோடு இடது கையைப் பின்னால் நீட்டினார்.

அரவிந்தன் அவருடைய கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.